போனில் வரும் பயிற்சி யாருக்கெல்லாம் கிடைக்கும்?

(நமது கூட்டமைப்பின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு விஷயம் பேசினோம். தையல், மசாலாப் பொடி தயாரிப்பு, குழுக் கணக்கு எழுதுதல் ஆகிய மூன்று பயிற்சிகளையும் இனிமேல் கைப்பேசி வழியாகவே நடத்தலாம், அதற்கு ஒரு நிறுவனத்தின் ஆப்பை ஓராண்டுக்குப் பணம் கட்டி வாங்கலாம் என்று சொன்னார்கள். எல்லோரும் கை தூக்கினீர்கள். நானும்தான் தலையாட்டினேன். பஸ் செலவு மிச்சம், மதியச் சாப்பாட்டுச் செலவு மிச்சம், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து படிக்கலாம். நல்ல விஷயம்தானே?

ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு பெண்ணின் குரல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைச் சொல்வதற்குத்தான் தலைவி அக்காவிடம் கேட்டு இந்த இருபது நிமிஷத்தை வாங்கியிருக்கிறேன்.

2021ஆம் வருஷம். ஊரடங்கு. நேரில் கூட்டம் போட முடியாது. அப்போது எங்கள் நிறுவனம் குழுக் கணக்காளர் பயிற்சியை ஒரு ஆப் மூலமாக நடத்தியது. அதற்கு நான்தான் பொறுப்பு. நம் உறுப்பினர் ஒருவரின் மகள், பிறவியிலேயே பார்வை இல்லாதவள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், பதிவு செய்தாள். போன் பயன்படுத்துவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்று ஒரு வசதி இருக்கிறது. திரையில் விரலைத் தடவத் தடவ அங்கே என்ன இருக்கிறது என்று போன் வாய்விட்டுப் படிக்கும். இரண்டு தட்டு தட்டினால் அது திறக்கும். அதை வைத்துத்தான் அவள் வாட்ஸ்அப் பார்க்கிறாள், பணம் அனுப்புகிறாள், எல்லாம் செய்கிறாள்.

எங்கள் ஆப்பைத் திறந்தாள். விரலை வைத்தாள். போன் என்ன சொல்லியது தெரியுமா? "பட்டன்." அடுத்த இடத்தில் வைத்தாள். "பட்டன்." அதற்கும் அடுத்து, "பட்டன்." கண் தெரிந்த நமக்கு அது புத்தகப் படம், வீடு படம், பேனா படம். பார்த்ததும் புரிந்துவிடும். அந்தப் படத்துக்குப் பின்னால் "பாடம்", "முகப்பு", "தேர்வு" என்று பெயர் எழுதி வைக்க ஆப் செய்தவர்கள் மறந்துவிட்டார்கள். போன் பாவம், இல்லாத பெயரை எப்படிப் படிக்கும்?

அவள் விடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இடமிருந்து மூன்றாவது பாடம், ஐந்தாவது தேர்வு என்று மனப்பாடம் செய்துகொண்டாள். இரண்டு வாரம் கழித்து ஆப் அப்டேட் ஆனது. வரிசை மாறிவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து.

அடுத்தது என் தப்பு. ரொக்கப் புத்தகம் எழுதுவது எப்படி என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதி, போட்டோ எடுத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். ரொம்ப அழகாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவள் போனுக்கு அது வெறும் படம். படித்துச் சொல்ல எழுத்தே இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இப்போது போனில் வந்திருக்கிறது என்றாலும், கையெழுத்தையும் கட்டம் போட்ட கணக்கையும் அதை நம்பிக் கொடுக்க முடியாது.

கடைசியில் தேர்வு. இருபது கேள்வி, முப்பது நிமிஷம். அதில் சில கேள்விகள் 'பொருத்துக'. இந்தப் பக்கம் இருக்கிற சொல்லை விரலால் இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பக்கம் விட வேண்டும். டாக்பேக் ஓடும்போது ஒற்றை விரலால் தடவினால் போன் படிக்குமே தவிர எதையும் இழுக்காது. எங்கிருந்து எங்கே இழுப்பது என்றும் அவளுக்குத் தெரிய வழியில்லை. அந்தக் கேள்விகளிலேயே நேரம் முடிந்துவிட்டது. 'தேர்ச்சி பெறவில்லை' என்ற செய்தியை மட்டும் போன் தெளிவாகப் படித்தது.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, எனக்குக் கணக்கு தெரியும்க்கா. பட்டன்தான் தெரியல" என்றாள். நான் என்ன சொன்னேன்? "அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்மா" என்றேன். அடுத்த பேட்ச் வரவே இல்லை. அந்தக் கணக்காளர் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

எம்.எஸ்.டபிள்யூ. படித்தபோது மாற்றுத்திறனாளிகள் நலன் என்று ஒரு தாள் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். சாய்தளம் பற்றிப் படித்தேன், உதவித்தொகை பற்றிப் படித்தேன். பட்டனுக்குப் பெயர் வேண்டும் என்பது அதில் இல்லை. அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

நாம் குக்கர் வாங்கப் போனால் என்ன பார்க்கிறோம்? ஐ.எஸ்.ஐ. முத்திரை. அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. மூடி எப்படி இருக்க வேண்டும், வால்வு எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம். அதை நாம் படித்ததில்லை, ஆனால் அதை நம்பித்தான் அடுப்பில் வைக்கிறோம். அதே மாதிரி இணையதளத்துக்கும் ஆப்புக்கும் விதிப்புத்தகம் இருக்கிறது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலக அமைப்பு டபிள்யூ3சி. அது 1999இல் முதல் பதிப்பை வெளியிட்டது. பெயர் வெப் கன்டென்ட் அக்சஸிபிலிட்டி கைட்லைன்ஸ், சுருக்கமாக டபிள்யூ.சி.ஏ.ஜி. 2008இல் இரண்டாம் பதிப்பு, 2018இல் 2.1, 2023 அக்டோபரில் 2.2. இந்தக் கடைசிப் பதிப்பில் 86 நிபந்தனைகள் இருக்கின்றன. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்திடம் கேட்கும்போது நடுப்படியான ஏஏ இருக்கிறதா என்று கேட்பதுதான் வழக்கம்.

86ஐயும் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு நடந்ததை மட்டும் அந்தப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். படத்துக்கும் பட்டனுக்கும் எழுத்தில் பெயர் வேண்டும் என்பது முதல் பதிப்பிலேயே வந்துவிட்டது. நேரம் வைத்தால் அதை நீட்டிக்கக் கேட்க வழி வேண்டும் என்பது இரண்டாம் பதிப்பிலேயே அடிப்படையான ஏ படியில் இருக்கிறது. விரலால் இழுக்கச் சொன்னால், இழுக்காமல் தொட்டே செய்ய மாற்று வழி வேண்டும் என்பது 2.2இல் வந்தது. அதாவது சகோதரிகளே, அவளுக்கு நடந்தது யாரும் எதிர்பார்க்காத விபத்து இல்லை. ஊரெல்லாம் தெரிந்த பள்ளம். நான்தான் விளக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை.

"இது கண் தெரியாதவங்களுக்கு மட்டும்தானே மேடம்" என்று யாராவது நினைக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள், நம் தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். அதையும் விடுங்கள். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள்? கண்ணாடி போட வேண்டியும் போடாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து, பார்க்க நாகரிகமாக இருக்கும், படிக்க முடியாது. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வித்தியாசம் வேண்டும் என்று அந்தப் புத்தகம் கணக்குப் போட்டே சொல்கிறது. எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் எதுவும் மறைந்துபோகக் கூடாது என்கிறது. சரியான விடைக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் காட்டக் கூடாது, சரி, தவறு என்று எழுத்திலும் சொல்ல வேண்டும் என்கிறது. இதெல்லாம் வெயிலில் நின்று போன் பார்க்கிற எல்லோருக்கும்தான்.

(இந்த இடத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "எனக்குப் படிக்கவே தெரியாதே தாயீ, எனக்கும் அது பேசுமா?" என்று கேட்டார்.)

பேசும் அக்கா! நீங்க கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி. கண் தெரியாதவருக்காகச் செய்து வைத்த வசதி, எழுத்து தெரியாத உங்களுக்கும் வாய்விட்டுச் சொல்லும். ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளே எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும். அதுவும் சரியான எழுத்தாக இருக்க வேண்டும்.

'சரியான எழுத்து' என்று ஏன் சொல்கிறேன்? இதில்தான் நம் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். தமிழில் கம்ப்யூட்டர் அச்சு வந்த காலத்தில் ஆளாளுக்கு ஃபான்ட் செய்தார்கள். 'அ'வுக்கு ஒருவர் ஒரு எண் வைத்தால் இன்னொருவர் வேறு எண் வைத்தார். பல பேர் இங்கிலீஷ் எழுத்துக்கு இருந்த எண்களின் மேலேயே தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். அந்த ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் திறந்தால் அழகான தமிழ். இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத கிறுக்கல். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், ஃபைலோடு ஃபான்டையும் ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு போவோம் என்பார்கள். 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர முயற்சி செய்தார்கள். தமிழ் 99 விசைப்பலகை அங்கே வந்ததுதான். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு என்ற முறையில் தமிழ் எழுத்துகளுக்கு நிரந்தர எண் இருக்கிறது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது.

சரி, முடிந்ததா? இல்லை. இன்னமும் பல டிடிபி கடைகளில் கை பழகிய பழைய ஃபான்டில்தான் அடிக்கிறார்கள். பேப்பரில் அச்சடித்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அதே ஃபைலை ஆப்பில் ஏற்றினால், படித்துச் சொல்லும் மென்பொருள் உருவத்தைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். 'சேமிப்பு' என்று நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அது நாலைந்து இங்கிலீஷ் எழுத்தை வரிசையாக உளறும். இந்த மூத்த அக்கா கேட்டால் போன் பைத்தியம் பிடித்த மாதிரி பேசுகிறது என்பார்.

வெளியே யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். நம்முடைய கணக்குப் பயிற்சிக் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபான்ட். நம் செய்திமடலும் அப்படித்தான் அச்சுக்குப் போகிறது. இந்தப் பேச்சை டைப் செய்யப் போகிற தங்கச்சி என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கையேட்டை யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் எந்த ஆப்பிலும் ஏற்ற வேண்டும். மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும், அதுதான் வேலை.

படித்துச் சொல்லும் மென்பொருள் என்றேனே, கம்ப்யூட்டரில் அதற்கு என்விடிஏ என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுத ஆரம்பித்தது. அதுவரை இருந்தவை அதிக விலை. இது இலவசம், தமிழும் படிக்கும். ஒருவருக்குக் கதவு அடைத்திருந்தபோது அவரே சாவி செய்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது வீடியோவுக்கு வருவோம். நம் தையல் பயிற்சி முழுக்க வீடியோதான். காது கேளாத சகோதரிக்கு அது ஊமைப் படம். பேசுவது கீழே எழுத்தில் வர வேண்டும். அதைக் கேப்ஷன் என்கிறார்கள். இயந்திரம் தானாகவே கேப்ஷன் போட்டுக் கொடுக்கும் என்று நிறுவனத்தார் சொல்வார்கள். அதை ஒரு ஆள் பார்த்துத் திருத்தினால் சரி. திருத்தாமல் விட்டால் 'கைக்குழி வெட்டு' என்பதற்கு வேறு ஏதோ எழுதும், துணிதான் வீணாகும்.

எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் கேப்ஷன் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். அங்கேதான் நான் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் பெர்க்லி என்று ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். தன் வகுப்புகளை வீடியோவாகவும் ஆடியோவாகவும் இணையத்தில் உலகம் முழுக்க இலவசமாகக் கொடுத்துவந்தது. பல வருஷம், பல்லாயிரம் பாடங்கள். பெரும்பாலானவற்றில் சரியான கேப்ஷன் இல்லை. காது கேளாதோருக்கான கல்லடெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேருக்காக அங்குள்ள காது கேளாதோர் தேசியச் சங்கம் புகார் கொடுத்தது. 2016 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம், 'இது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு மாறானது' என்று கடிதம் அனுப்பியது. பல்கலைக்கழகம் என்ன செய்தது? இத்தனைக்கும் கேப்ஷன் போட்டால் செலவு தாங்காது என்று சொல்லி, 2017 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்ட பாடங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி எடுத்துவிட்டது! எல்லோருக்கும் கொடுக்காததால் கடைசியில் யாருக்கும் இல்லை. 2022இல்தான் அரசோடு உடன்பாட்டுக்கு வந்து, தன் இணையப் பாடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி ஆக்கித் தருவதாக ஒப்புக்கொண்டது.

அப்போது சில பேர் புகார் கொடுத்தவர்களைத் திட்டினார்களாம், அவர்களால்தானே எல்லோருக்கும் பாடம் போச்சு என்று. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ரேஷன் கடையில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் அரிசி இல்லை என்றால், கேட்ட குடும்பத்தின் மேலா தப்பு? வீடு கட்டும்போதே வாசலில் சாய்தளம் வைத்தால் அரை மூட்டை சிமென்ட் கூட ஆகும். கட்டி முடித்து டைல்ஸ் ஒட்டிய பிறகு வைப்பதென்றால் கொத்தனார் முகத்தைச் சுளிப்பார். பெர்க்லியில் நடந்தது அதுதான்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை நம் குழுப் புத்தகத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

நம் மூத்த ஊக்குநர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி கணக்கு நோட்டு வைத்திருந்ததாம். வங்கி மேலாளர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம், சேமிப்பு எங்கே, கடன் எங்கே என்று பிடிபடாதாம். பிறகுதான் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு மற்றும் கடன் பேரேடு, பொதுப் பேரேடு என்று எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி வந்தது. அதற்குப் பிறகு எந்த வங்கியில் கொண்டுபோய் வைத்தாலும் பத்து நிமிஷத்தில் குழுவின் நிலைமை தெரிந்துவிடுகிறது. நோட்டு ஒரே மாதிரி ஆனதால்தான் ஒரு வங்கி சரியில்லை என்றால் இன்னொரு வங்கிக்குப் போகும் தைரியம் நமக்கு வந்தது.

ஆன்லைன் பாடத்திலும் அப்படியொரு பொது வடிவம் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ஒரு பிரிவு தயாரித்த கம்ப்யூட்டர் பாடம் இன்னொரு பிரிவின் கம்ப்யூட்டரில் ஓடாது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் காசு கொடுத்துச் செய்தார்கள். அதை நிறுத்த 1997இல் ஒரு முயற்சி ஆரம்பித்து, 2000இல் ஸ்கார்ம் என்ற தரத்தை வெளியிட்டார்கள். 2001இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. பாடத்தை ஒரே பொட்டலமாகக் கட்டி, உள்ளே ஒரு பொருளடக்கமும் வைத்துவிடுவார்கள். எந்தத் தளத்தில் ஏற்றினாலும் திறக்கும். யார் படித்து முடித்தார், எத்தனை மார்க் என்பதையும் எல்லாத் தளத்துக்கும் புரிகிற ஒரே முறையில் சொல்லும். 2013இல் எக்ஸ்ஏபிஐ என்று இன்னும் விரிவான ஒரு தரம் வந்தது. பெயர்கள் மறந்துபோனால் பரவாயில்லை, எழுதி வைத்திருக்கிறேன்.

நமக்கு இது எதற்கு? சில வருஷத்துக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆப்பில் நம் சகோதரிகள் தையல் படித்தார்கள். திடீரென்று அந்த ஆப்பை நிறுத்திவிட்டார்கள். பாடமும் போனது, யார் எதுவரை படித்தார் என்ற பதிவும் போனது. ஒரு சகோதரி தனிக்கடை வைக்க வங்கியில் மனு போட்டார். பயிற்சி முடித்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். அவரிடம் இருந்தது மங்கலான ஒரு ஸ்கிரீன்ஷாட். நிறுவனத்தைக் கேட்டால், "எங்க சிஸ்டம்ல இருந்து வெளியே எடுக்க முடியாது மேடம்" என்று பதில். நாம் காசு கொடுத்தோம், நம் பெண்கள் உட்கார்ந்து படித்தார்கள், பதிவு மட்டும் அவர்கள் பெட்டிக்குள் பூட்டிக்கிடந்து அழிந்துபோனது. பூட்டை மாட்டும் முன் சாவி யாரிடம் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

பொது வடிவம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணமும் இருக்கிறது. 2018இல் நம் பிள்ளைகளின் புதிய பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டமாக கியூஆர் குறியீடு அச்சடித்து வந்ததே, அதை ஸ்கேன் செய்தால் திறந்தது திக்ஷா தளம். மத்திய அரசு 2017இல் தொடங்கியது. அதன் அடித்தளமான சன்பேர்ட் என்ற மென்பொருள் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்டது. அதனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சுவர் எழுப்பாமல் ஒரே அடித்தளத்தின்மேல் தங்கள் மொழியில் பாடம் ஏற்றின.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்கார்ம் பொட்டலத்துக்குள்ளேயும் பெயரில்லாத பட்டன் இருக்கலாம். எல்லாப் பட்டனுக்கும் பெயர் வைத்த ஆப்பிலும் நம் பதிவு பூட்டிக்கிடக்கலாம். இரண்டும் தனித்தனிக் கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 42, மின்னணு ஊடகத்தில் வரும் உள்ளடக்கம் அவர்களும் பயன்படுத்தும் வடிவில் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் அதே இந்தியத் தர அமைப்பு, மென்பொருளுக்கும் இணையத்துக்கும் ஐ.எஸ். 17802 என்ற தரத்தை வெளியிட்டது. 2023இல் அது அந்தச் சட்டத்தின் விதிகளிலும் சேர்ந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் விருப்பப்பட்டால் செய்யும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30இல் இன்னொரு தீர்ப்பு. அமிலத் தாக்குதலில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்ட பெண்கள் போட்ட வழக்கு அது. வங்கிக் கணக்குக்காகப் போன் கேமரா முன்னால் கண் சிமிட்டிக் காட்டு என்கிறார்கள். இமையே போன பெண் எப்படிச் சிமிட்டுவாள்? டிஜிட்டல் வசதியை அணுகுவதும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி 20 வழிகாட்டுதல்கள் கொடுத்தார்கள். நாம் வாங்கும் ஆப்பிலும் பதிவு செய்யும்போது முகத்தைக் காட்டு, புதிர் படத்தைப் பொருத்து என்றெல்லாம் வரும். அதையும் பார்க்க வேண்டும்.

இனி காரியத்துக்கு வருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அந்த நிறுவனத்தார் ஒப்பந்தத்தோடு வருகிறார்கள். பெரிய திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள், நன்றாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். நம் போனில், நம் ஆட்களை வைத்துப் பார்ப்போம். டாக்பேக்கைப் போட்டுவிட்டு, பதிவு செய்வதிலிருந்து தேர்வு எழுதி மார்க் பார்ப்பது வரை ஒரு முறை போக வேண்டும். ஒரு தையல் வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்து, பார்த்ததை நம் தையல் அக்கா செய்துகாட்ட வேண்டும். போனில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு மூத்தவர்கள் படிக்க வேண்டும். உறுப்பினர்களின் பதிவு முழுவதையும் நாம் கேட்கும்போது எக்செல் மாதிரி ஒரு ஃபைலாகவும், பாடங்களை ஸ்கார்ம் பொட்டலமாகவும் தருவார்களா என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். 'எங்க ஆப் சோதனையில பாஸ் ஆயிடுச்சு' என்று ஒரு சான்றிதழ் காட்டினால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இயந்திரச் சோதனை பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். 'பாடம்' என்ற பட்டனுக்கு 'படம்23' என்று பெயர் வைத்திருந்தாலும் பாஸ் போட்டுவிடும். ஆள் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

குறை இருந்தால் உடனே விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குறையில்லாத ஆப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. எதை எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். பணத்தை இரண்டு தவணையாக வைத்துக்கொண்டு, இரண்டாம் தவணையை அதற்குப் பிறகு கொடுப்போம். கடன் கொடுக்கும்போது நாம் இவ்வளவு கறாராக இருக்கிறோம், வாங்கும்போதும் இருக்கலாமே.

அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டேன். முதலில் தயங்கினாள். "மறுபடியும் பட்டன் பட்டன்னு சொன்னா என்னக்கா பண்றது" என்றாள். "இந்தத் தடவை அதை நாங்க எல்லாரும் பக்கத்துல உக்காந்து கேப்போம்மா" என்றேன். வருகிறேன் என்றாள். காது கேளாத சகோதரி ஒருவரும் அவருடைய அக்காவோடு வருகிறார். இவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைய பொழுது முழுக்க வேலை. வெளியிலிருந்து வரும் பயிற்சியாளருக்கு நாம் கொடுக்கிற ஒரு நாள் மதிப்பூதியத்தையே இவர்களுக்கும், போக்குவரத்துச் செலவோடு, கூட்டமைப்பின் பயிற்சிக் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். இதை உதவி என்று எழுதாமல் மதிப்பூதியம் என்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, இதே மண்டபம். வரும்போது போனில் சார்ஜ் முழுசா இருக்கட்டும்.